கத்தரி பிடிக்கும் கையும் கல்லாப் பெட்டியும்

வாசகர் கேள்வி – பதில்

வேறு வேலையிலிருந்து சிகையலங்காரத் தொழிலுக்கு வர விரும்புவோரும், அண்மையில் வந்தவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. தணிக்கை அலுவலகத்தில் கணக்கராக இருந்து, 33 வயதில் அந்த வேலையை விட்டு, கடந்த 16 ஆண்டுகளாகச் சென்னைப் புறநகரில் சலூன் நடத்திவரும் நம் பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் 12 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வயது 36. கல்லூரி நாள்களிலிருந்தே தோழிகளுக்கு முடி வெட்டிவிடுவதில் ஆர்வம் உண்டு. சேமிப்பு 18 லட்சம் ரூபாய் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வடவள்ளிப் பக்கம் பெண்களுக்கான சலூன் ஒன்றைத் தொடங்க நினைக்கிறேன். நானே தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, அல்லது நல்ல ஸ்டைலிஸ்ட்டுகளை வேலைக்கு வைத்துக்கொண்டு நிர்வாகத்தை மட்டும் பார்த்தால் போதுமா? — ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தையும் படித்தேன். அதில் கண்ணாடிகளின் அளவு, சுவரின் நிறம், வரவேற்பு மேசை ஆகியவற்றைப் பற்றிப் பதினோரு வரிகள் இருந்தன. முடி வெட்டுவதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் முடி வெட்டுவது ஒரு தொழில், சலூன் நடத்துவது முற்றிலும் வேறொரு தொழில் என்பதை முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கத்தரியைத் தொடாமலே சலூன் நடத்துவோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, இன்று பல நூறு கிளைகளாக விரிந்துள்ள நேச்சுரல்ஸ் நிறுவனத்தின் கிளைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவோர், அதன் பெயரில் கடை நடத்த உரிமம் பெற்ற தொழில்முனைவோரே. ஆனால் அவர்களுக்குப் பின்னால், பயிற்சி கொடுக்கவும் ஆள் அனுப்பவும் பொருள் வாங்கித் தரவும் ஓர் அமைப்பு இருக்கிறது. தனிக் கடை வைப்பவருக்கு அந்தத் தாங்கல் கிடையாது. தை மாத முகூர்த்த நாளன்று காலை ஐந்தரை மணிக்கு, மணப்பெண் வந்து அமர்ந்த பிறகு, மூத்த ஸ்டைலிஸ்ட்டின் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தால், நிர்வாகம் மட்டும் தெரிந்த உரிமையாளர் அந்தப் பெண்ணின் முன்னால் நின்று என்ன செய்வார்? ஆகவே கற்றுக்கொள்ளுங்கள். ஊரிலேயே சிறந்த கலைஞராக ஆக வேண்டியதில்லை. உங்கள் கடையில் யார் எதைத் தவறாகச் செய்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கும், நெருக்கடியில் ஒரு நாற்காலியை நீங்களே ஏற்கும் அளவுக்கும் தெரிந்தால் போதும்.

எங்கே கற்பது என்பதற்கு இரு வழிகள் உள்ளன. ஐ.டி.ஐ.-களில் காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. கட்டணம் குறைவு, சான்றிதழுக்கு மதிப்பும் உண்டு, ஆனால் தினமும் வகுப்புக்குச் செல்ல வேண்டும். தனியார் பயிற்சி நிலையங்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று நடத்துகின்றன. சிலவற்றில் வார இறுதி வகுப்புகளும் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பயிற்சி முடிவதற்குள் உயிருள்ள தலைகள் எத்தனையில் கத்தரி வைக்க விடுவார்கள்? நான் சேர்ந்த இடத்தில் நான்கு மாதமும் டம்மித் தலையிலேயே ஓடிப்போயிற்று. டம்மிக்கு உச்சியில் சுழி கிடையாது, நெற்றி வியர்க்காது, பாதியில் கைப்பேசியைப் பார்க்கத் தலையைக் குனியாது. அங்கிருந்து வெளியே வந்த இரண்டாவது வாரம், சுருட்டை முடிக்காரப் பெண் ஒருத்திக்கு முன்முடியை ஈரத்திலேயே புருவம் வரை அளந்து வெட்டிவிட்டு, மிகவும் பெருமையாக டிரையரைப் பிடித்தேன். ஈரத்தில் நீண்டிருக்கும் முடி உலர உலர மேலே ஏறும், சுருட்டை முடி இன்னும் அதிகமாக ஏறும் என்பது புத்தகத்தில் இருந்தது. நான் படித்தும் இருந்தேன். முடி நடு நெற்றியில் போய் நின்றது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு நான்கு மாதம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக்குப் பிறகு, உடனே கடை திறக்காமல், குறைந்தது ஓராண்டு வேறொருவரின் சலூனில் உதவியாளராக வேலை செய்யுங்கள். இதுதான் உங்களுக்கு மிகவும் கசக்கும் அறிவுரையாக இருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். 12 ஆண்டு அனுபவத்தோடு அணித் தலைவராக இருந்தவரை, 22 வயதுப் பெண் ஒருத்தி "அக்கா" என்று மரியாதையாக அழைத்தபடியே துண்டுகளை மடிக்கச் சொல்வாள்; சம்பளம் உங்கள் இப்போதைய வருமான வரிப் பிடித்தத்தைக்கூட எட்டாது. ஆனால் எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், கலர் டியூபில் எவ்வளவு வீணாகிறது, எந்த வாடிக்கையாளர் எதற்காக ஒரே ஆளிடம் மட்டும் உட்காருகிறார், கடன் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றையெல்லாம் வேறொருவர் வாடகை கட்டும் கடையில் நின்று கற்பதற்குச் செலவே இல்லை. அந்த ஓராண்டு முடிந்த பிறகும் கடை வைக்கும் ஆசை குறையவில்லை என்றால், 18 லட்சத்தில் பாதியை மட்டும் கடைக்குப் போட்டு, மீதியைக் கடையும் வீடும் ஓராண்டு ஓடுவதற்காகத் தொடாமல் வையுங்கள். ஆறு நாற்காலி வேண்டாம். மூன்று நாற்காலியும் ஒரு ஷாம்பூ இருக்கையும் போதும்.

வேலையை இப்போதே விட வேண்டாம். வார இறுதி வகுப்பில் சேருங்கள். இரண்டு சனிக்கிழமைகள் முழுவதும் நின்றபடி வேலை செய்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை காலையில் உங்கள் இடுப்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: பி.காம். முடித்துத் தனியார் வங்கியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆண்களுக்கான சிகையலங்காரத்தில் பயிற்சி முடித்து, சொந்த ஊரிலேயே கடை வைக்க இடம் பார்த்துவிட்டேன். "நம் வீட்டுப் பிள்ளை அந்தத் தொழிலைச் செய்வதா" என்று அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். பெண் பார்க்கும் இடங்களிலும் இதுவே தடையாக இருக்கிறது. எப்படிப் புரியவைப்பது? — ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் அப்பா எதிர்ப்பது முடி வெட்டும் தொழிலை அல்ல; அந்தத் தொழிலின் மீது நம் ஊர் ஏற்றி வைத்திருக்கும் சாதியை. அதைச் சுற்றி வளைத்துப் பேசிப் பயனில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவந்த மருத்துவர் சமூகத்தார்தான் பல ஊர்களில் நாட்டு வைத்தியராகவும், அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பவராகவும் இருந்தார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றிலும் ஊருக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் திண்ணையில் சமமாக உட்கார மட்டும் அவர்களுக்கு இடமில்லை. அதே வேலைக்குக் குளிரூட்டிய அறையும் ஆங்கிலப் பெயர்ப்பலகையும் வந்த பிறகு, மற்ற சாதியினரும் முதலீட்டோடு நுழைந்தோம். நானும் அப்படி நுழைந்தவள்தான். என் கடையில் எனக்கு உண்மையிலேயே கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், அப்பாவிடமிருந்தும் தாத்தாவிடமிருந்தும் தொழில் கற்ற ஒரு பெரியவர். அவர் மகனைப் பொறியியல் படிக்க அனுப்பியபோது இந்தத் தொழிலிலிருந்து அவன் தப்பித்துவிட்டான் என்று மகிழ்ந்தார்; நான் வேலையை விட்டு இதற்குள் வந்ததைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

தமிழ்நாட்டில் இது அரசியலாகவும் இருந்திருக்கிறது. 1953-இல் ராஜாஜி ஆட்சியில் வந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்ததால் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-இல் கைவிடப்பட்டது. கைவினைஞர்களுக்குப் பயிற்சியும் கடனும் தர 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் முடிதிருத்துவதும் ஒன்று; அதில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக 2025-இல் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம், எந்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்று கேட்பதில்லை. ஆக, யார் எந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற உங்கள் வீட்டுச் சண்டை, ஊரே எழுபது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டைதான்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். கடை திறந்து ஆறு மாதக் கணக்கை எழுதி, அவர் பார்வையில் படும் இடத்தில் வையுங்கள். வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களின் கணக்கைப் படித்த உங்களுக்கு இது புதிதல்ல. பெண் வீட்டாரிடம் தொழிலை மறைக்காதீர்கள். "பியூட்டி இண்டஸ்ட்ரியில் இருக்கிறார்" என்று தரகர் சொல்வதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கடைக்குள் சாதி பார்க்கக் கூடாது. சில கிராமங்களில் பட்டியல் சாதியினருக்கு முடி வெட்ட மறுக்கும் வழக்கமும், அப்படி மறுக்கச் சொல்லிக் கடைக்காரரை மிரட்டும் வழக்கமும் ஒழிந்தபாடில்லை. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், கடை என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கும்போதே முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தீண்டாமையின் பேரில் மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஊர்ப் பெரியவர் யாராவது வந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், அதற்கான பதிலை இப்போதே மனத்தில் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: மூன்று நாற்காலியுள்ள சலூன் லாபத்துக்கு வர நாளைக்கு எத்தனை பேர் வர வேண்டும்? ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா? கடன் எங்கே கிடைக்கும்? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: பழைய கணக்கர் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உங்கள் தெருவின் எண்களை நீங்கள் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வாடகை 35,000, மூன்று பணியாளருக்கு 60,000, வணிக இணைப்புக்கான மின்கட்டணம் 12,000, பொருள்கள் 20,000, துண்டு வெளுப்பது முதல் கத்தரி சாணை பிடிப்பது வரை இதர செலவு 8,000 ரூபாய் என்றால், மாதச் செலவு 1,35,000. ஒருவர் சராசரியாக 500 ரூபாய்க்கு வேலை செய்துகொண்டால் 270 பேர் வர வேண்டும். மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளைக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். இதில் உங்களுக்குச் சம்பளம் இல்லை, வங்கித் தவணை இல்லை, போட்ட முதல் திரும்பவும் இல்லை. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து பேர் வந்து, புதன்கிழமை மூன்று பேர் வரும்போதுதான் அதன் எடை தெரியும். நம் ஊரில் பலர் முடி வெட்டிக்கொள்ளாத செவ்வாய்க்கிழமையைப் பழைய சலூன்காரர்கள் விடுமுறை நாளாக வைத்தது வியாபாரக் கணக்கும்தான்.

வரியைப் பொறுத்தவரை, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை சேவைத் தொழிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. மேற்சொன்ன கணக்கில் செலவை மட்டும் ஈடுகட்டினால் ஆண்டு வரவு 16,20,000. உங்களுக்கென மாதம் 40,000 எடுக்கத் தொடங்கினால் அது 21 லட்சமாகி, பதிவு எல்லையைக் கடந்துவிடும். அதாவது, சலூன் உங்களுக்குச் சோறு போடத் தொடங்கும்போதே வரியும் வந்து பந்தியில் உட்காரும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைகளுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கூடவே உள்ளீட்டு வரிக் கழிவும் போய்விட்டது. நாற்காலிக்கும் உள்ளலங்காரத்துக்கும் கலர் பொருள்களுக்கும் நீங்கள் கட்டும் வரி முழுவதும் உங்கள் செலவுதான். பகட்டான உள்ளலங்காரம் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

கடனுக்கு முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்ற பிரிவுகள் உள்ளன. 35 வயது நிறைந்தவராக இருந்தால், மேலே சொன்ன கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், 5 சதவீத வட்டி மானியமும் உண்டு. சிகையலங்காரமும் அழகுக் கலையும் அதன் பட்டியலில் இருக்கின்றன. விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமத்தை மறக்க வேண்டாம்.

கேள்வி: ஆசிரியர் பணியை விட்டு ஏழு மாதமாகச் சலூனில் பயிற்சி பெறுகிறேன். இரு கைகளிலும் தோல் வெடித்து அரிக்கிறது. ஸ்மூத்தனிங் செய்யும்போது கண் எரிந்து நீர் வடிகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள். உண்மையா? — ஒரு வாசகி, மதுரை

பதில்: பழகாது. நாள் முழுவதும் தண்ணீரிலும் ஷாம்பூவிலும் ஊறும் கையின் தோல் தன் காப்பை இழந்துவிடுகிறது. அதன் வழியாகக் கலரில் உள்ள பொருள்கள் உள்ளே போய் ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பொருளை உங்களால் தொட முடியாமல் போகலாம். நல்ல கைகள் கொண்ட சிலர் இதனாலேயே தொழிலை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். தலை அலசும்போதும் கலர் பூசும்போதும் நைட்ரைல் கையுறை அணியுங்கள். ஒருமுறை போட்டதைக் கழுவி மறுபடி போடாதீர்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், அதன் அடியில்தான் சோப்பு தங்கும். தோல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

கண் எரிச்சல் இதைவிடக் கவலைக்குரியது. முடியை நேராக்கும் சில கலவைகள் சூடான இரும்பு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தாலும், மெத்திலீன் கிளைக்கால் என்ற பெயரைப் பின்பக்கத்தில் தேடுங்கள். அது அதே பொருளின் நீரில் கரைந்த வடிவம். அதற்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்தைத் தலையில் பூசிக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை இஸ்ரேலிலும் பிரான்சிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சன்னலைத் திறக்காமல் குளிர்சாதனத்தை ஓடவிட்டு இந்த வேலையைச் செய்யும் கடையில் நீங்கள் கற்பதற்கு வேறெதுவும் இருக்காது, இடம் மாறுங்கள்.

வாடிக்கையாளருக்கும் இதே அக்கறை வேண்டும். கறுப்பு நிறக் கலர்களில் பெரும்பாலும் இருக்கும் பி.பி.டி. என்ற பொருள் சிலருக்கு முகம் வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். 48 மணி நேரம் முன்பே காதின் பின்னால் சிறிது தடவிப் பாருங்கள். திருவிழாக் கடையில் கறுப்பு மருதாணி வைத்துப் புண்ணானது உண்டா என்றும் கேளுங்கள். அதிலும் பல நேரம் இதே பொருள்தான் கலக்கப்படுகிறது.

கேள்வி: எனக்கு 47 வயது. இனிமேல் கற்கலாமா? — ஒரு வாசகர், சேலம்

பதில்: விரல்கள் கற்கும். முழங்கால்தான் கேள்வி கேட்கும். காலில் நரம்புச் சுருட்டு (வெரிகோஸ் வெயின்) இருந்தால், சேர்வதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைகளில் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. பயிற்சிக்குச் சேரும் கடையில் அப்படி ஒரு முக்காலியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: கணக்கியல் வேலையை விட்டுச் சலூன் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் மூத்த ஸ்டைலிஸ்ட் திடீரென விலகி, இரண்டு தெரு தள்ளிக் கடை திறந்துவிட்டார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அவரோடு போய்விட்டார்கள். துரோகமாக உணர்கிறேன். — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வருத்தம் புரிகிறது, துரோகம் என்ற சொல்தான் பொருந்தவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் நீங்கள் உங்கள் முதலாளியிடமிருந்து விலகி வந்ததும் இதைப் போன்றதுதான். பெண்கள் தங்கள் தலையைக் கடையிடம் ஒப்படைப்பதில்லை, ஒரு கையிடம் ஒப்படைக்கிறார்கள். அந்தக் கை போனால் பின்னாலேயே போவார்கள். எனவே, போனவர்களைத் தொலைபேசியில் அழைத்து அவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு மாலைக்குள் அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடையோடு தங்க வேண்டியது எது என்று யோசியுங்கள். எந்த வாடிக்கையாளருக்கு எந்த எண் கலர், அதோடு கலக்கும் டெவலப்பர் (பெராக்சைடு) எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், யாருக்கு எதில் ஒவ்வாமை என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் மட்டும் இருந்திருக்கிறது. அதனால்தான் அவரோடு போயிற்று. என் கடையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. டெவலப்பர் 20 வால்யூமா (6 சதவீதம்), 30 வால்யூமா (9 சதவீதம்) என்று அதில் எழுதாமல் யாரும் கிண்ணத்தைக் கழுவக் கூடாது. 6 சதவீதம் போட வேண்டிய தலையில் 9 சதவீதம் போனால் வேர்ப்பகுதி மட்டும் ஆரஞ்சாக மின்னும், அதைச் சரிசெய்ய அரை நாள் போகும். அந்த அட்டை இருந்தால், புதிய பணியாளரும் பழைய வாடிக்கையாளருக்கு முன்பிருந்த அதே நிறத்தைக் கொண்டுவர முடியும்.

மீதமிருக்கும் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். என் கடையில், ஒருவர் செய்யும் வேலை அவர் சம்பளத்தைப் போல் மூன்று மடங்கைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பங்கு தருகிறேன். அதை மாதக் கடைசியில் தள்ளிப்போடாமல் கையில் கொடுக்கிறேன். அப்படியும் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஆறு மாதத்தில் திரும்பி வந்தார், இன்னொருவர் நன்றாகவே கடை நடத்துகிறார். முகூர்த்த நாளில் ஆள் போதாதபோது அவரும் நானும் ஒருவருக்கொருவர் பணியாளரை அனுப்பிக்கொள்கிறோம். உங்கள் பழைய ஸ்டைலிஸ்ட்டுக்கும் அடுத்த முகூர்த்தத்தில் ஆள் போதாமல் போகும். அவர் அழைக்கும்போது எடுங்கள்.